பழைய காரும் தட்டொலியும்

தீவுகளில் வாழ்வோர்க்குக் கண்ணைக் காட்டிலும் காது முந்திச் செய்தி சொல்லும். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலே நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நிற்போர், படகு பார்வைக்குத் தெளிவாகத் தெரியுமுன்பே அதன் எஞ்சின் ஓசையைக் கேட்டுப் பொதிகளைத் தூக்கத் தொடங்கிவிடுவர். ஓசை வழக்கத்துக்கு மாறாக இருந்தால் அதனையும் உணர்ந்துகொள்வர். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் என்ன நேரும் என்பதை அறிந்தவர்கள் ஆதலின், அவர்கள் செவி அத்துணைக் கூர்மை பெற்றுள்ளது.

ஆனால் அதே மனிதர் கரையேறிக் காரிலே அமர்ந்ததும் அந்தச் செவியைச் சற்று மறந்துவிடுவதுண்டு. பொனட்டின் கீழிருந்து ‘டிக் டிக்’ என்றொரு சத்தம் வரும்; சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ‘பழைய கார், சத்தம் போடத்தானே செய்யும்’ என்று தள்ளிவிடுவர் சிலர். ‘சத்தத்தை எப்படியாவது நிறுத்தினாற் போதும்’ என்று அவசரப்படுவர் வேறு சிலர். இவ்விரு கூட்டத்தாருள் அதிகம் இழப்பவர் யார்? வியப்பாயினும் உண்மை இதுவே: பல வேளைகளில் இரண்டாவது கூட்டத்தாரே அதிகம் இழக்கின்றனர். காரணத்தைக் கேட்டறியாமல் சத்தத்தை மட்டும் அடக்குவது, வண்டிக்கு நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்யக்கூடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனைச் சார்ந்த தீவுகளிலும் பழைய கார்கள் பெருகி நின்றமைக்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளிவந்த மொறிஸ் மைனரும், 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட ஒஸ்டின் ஏ40 சோமசெட்டும், அதன் பின் வந்த கேம்பிரிட்ஜும் இங்கே பெருமதிப்புடன் வாங்கப்பட்டன. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கையில் கார் இறக்குமதி இறுகியது. 1977ஆம் ஆண்டு பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இருந்த காரையே பேணி ஓட்டவேண்டியதாயிற்று. பிறகு போர்க்காலம் வந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே நாட்டில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இவ்வாறு ஒவ்வொரு தட்டுப்பாடும் பழைய காரின் ஆயுளை நீட்டியது. இன்றும் யாழ்ப்பாணத் தெருக்களில் ஒஸ்டினையும் மொறிஸையும் காணலாம்.

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது தீவுகளிலிருந்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்திலே இந்தப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகையால் ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேட்டரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புதிய கார்களின் எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் மிக இறுக்கமாக அமுக்குவது. மண்ணெண்ணெய் அவ்விறுக்கத்தைத் தாங்காமல் வேளைக்கு முன்பே வெடிக்கும். பழைய சோமசெட் போன்றவற்றின் அமுக்க விகிதமோ ஏறத்தாழ 7க்கு 1 என்ற அளவினதே. ஆகவே அவை தாங்கின. தாங்கினவேயன்றித் தழும்பு பெறாமல் இருக்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய், பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. வால்வுத் தண்டுகளிலே கரி படிந்தது. அக்காலத்துச் சாரதிகளும் மெக்கானிக்குகளும் எஞ்சினின் ஒவ்வோர் ஒலியையும் காதால் பிரித்தறியக் கற்றுக்கொண்டனர். கற்றேயாகவேண்டிய காலம் அது. உதிரிப்பாகம் எதுவும் வாராத காலம்.

இனி ஒரு சாரதியை எண்ணிப் பார்ப்போம். பெயர் வேண்டாம், இவரைப் போன்றவர் பலர். வேலணையைச் சேர்ந்தவர். தந்தையிடமிருந்து வந்த மொறிஸ் மைனர் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறார். நயினாதீவு நாகபூசணி அம்மனை வணங்கித் திரும்புவோரும், நெடுந்தீவிலிருந்து மருத்துவத்துக்காக யாழ்ப்பாணம் செல்வோரும் குறிகட்டுவானில் இறங்கி இவருடைய காரில் ஏறுவர். ஒரு சோளகக் காலத்து மாலையிலே, கடைசிப் படகில் வந்த ஒரு முதியவளை ஏற்றிக்கொண்டு துறையிலிருந்து புறப்பட்டபோது ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்டது. எஞ்சின் சற்றே திணறியது. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையே கடலை ஊடறுத்துச் செல்லும் நீண்ட தாம்போதியிலே அவ்வொலி கூடவே வந்தது. யாழ்ப்பாணம் சேருமுன் எங்கோ மறைந்துவிட்டது. மறுநாள் உச்சிப்பொழுதில் நகரத்துக் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுசென்றார். அங்கே கார் வாய் திறக்கவில்லை. வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் மறையும் குழந்தையைப் போல அமைதியாக நின்றது.

விட்டுவிட்டு வரும் சத்தத்தின் பெருந்தொல்லை இதுவே. கராஜிலிருந்தவர், சாரதி சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு, ‘டிக் டிக் என்றால் டப்பெட்தான்’ என்று முடிவு செய்தார். எட்டு வால்வுகளின் இடைவெளிகளையும் இறுக்கிக் கொடுத்தார். எஞ்சின் தையல் மெசின் போல மெதுவாக ஓடியது. சாரதி மகிழ்ந்தார். ஆனால் மூன்றாம் நாள் மாலை குறிகட்டுவானில் அதே ஒலி மீண்டும் எழுந்தது.

டப்பெட் என்பது யாது, அது ஏன் தட்டுகின்றது என்பதை இங்கே விளங்கிக்கொள்ளுதல் நன்று. இந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உள. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவுகள்: ஒன்று எரிபொருட் காற்றை உள்ளே விடும் வால்வு, மற்றது எரிந்த புகையை வெளியே விடும் வால்வு. இவற்றைத் திறப்பது ஒரு சிறிய துலா. யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் துலாவைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். துலாவின் ஒரு முனை மேலே செல்ல, மறுமுனை கீழே இறங்குமல்லவா? அவ்வாறே கீழிருந்து ஒரு தள்ளுகோல் இந்தச் சிறு துலாவின் ஒரு முனையை உயர்த்த, மறுமுனை வால்வைக் கீழே அழுத்தித் திறக்கின்றது. ரொக்கர் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனையே. தள்ளுகோல் இறங்கியதும் சுருள்வில் வால்வை மீண்டும் மூடிவிடும்.

வால்வு மூடியிருக்கும் வேளையில் ரொக்கருக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் இடையே ஒரு நுண்ணிய இடைவெளி இருக்கவேண்டும். மைனர் 1000 போன்ற கார்களுக்குக் குளிர்ந்த நிலையில் அது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். மூன்று எழுதுதாள்களை அடுக்கினால் வரும் கனம். இந்த இடைவெளியைக் கடந்து ரொக்கர் வால்வைத் தொடும்போது எழுவதே மெல்லிய தட்டொலி. இடைவெளி கூடினால் ஒலியும் கூடும்.

‘அப்படியாயின் இடைவெளியே இல்லாமற் செய்துவிட்டால் ஒலியே இராதே’ என்று கேட்கலாம். இராது, உண்மை. ஆனால் புகை வெளியேறும் வால்வு ஓடும் எஞ்சினிலே ஏறத்தாழ 700 பாகை செல்சியஸ் வரை சூடேறுவது. சூடேறிய உலோகம் நீளும். நீள்வதற்கு இடம் இல்லையேல் வால்வு முழுவதும் மூடாது. வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியைத் தான் வந்தமரும் இருக்கையின் வழியாகவே வெளியேற்றுகின்றது. இருக்கையில் சரிவர அமராத வால்வுக்கு ஆறுதல் இல்லை. மேலும் மூடாத இடுக்கின் வழியே தீயும் பாயும். சிறிது காலத்தில் அதன் விளிம்பு கருகித் தேயும். இத்தனையும் ஓசையின்றி நிகழும். இடைவெளி சற்றுக் கூடிய வால்வு சத்தமிடும், ஆயினும் பிழைத்திருக்கும். இடைவெளி இழந்த வால்வு மௌனமாக எரிந்து போகும். எஞ்சினின் அமைதியை நலம் என்று எண்ணிவிடலாகாது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம் சாரதியின் காருக்கும் அதுவே நேர்ந்தது. சில வாரங்களில் எஞ்சின் வலு குன்றியது. சூடான நிலையில் நிறுத்தினால் மீண்டும் கிளம்ப மறுத்தது. மாலைத் தட்டொலியோ மாறாமல் இருந்தது. அப்போதுதான் அவர், மண்ணெண்ணெய்க் காலத்திலே கார்களைப் பேணிய முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றார். அவர் உடனே பொனட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

“தம்பி, இந்தச் சத்தம் எப்ப வரும், எப்ப வராது?”

“பின்னேரத்திலை, துறையிலையிருந்து வெளிக்கிடேக்கை வரும் அண்ணை. பகலிலை வராது.”

“மேட்டிலை ஏறேக்கை, பாரம் இழுக்கேக்கை கூடுமோ?”

“ஓம், கூடும். எஞ்சினும் கொஞ்சம் இழுக்காது.”

“அப்ப இண்டைக்குப் பகலிலை பாத்துப் பிரயோசனமில்லை. பொழுதுபடட்டும்.”

இந்த ஒரு கேள்வியிலே நோயறியும் கலையின் முதற்பாடம் அடங்கியுள்ளது. எங்கே சத்தம் என்று தேடுமுன், எப்போது சத்தம் என்று தெளியவேண்டும். ஏனெனில் ‘டிக் டிக்’ என்று ஒலிப்பன பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு நேரம் உண்டு.

காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் கேட்டு, சூடேறச் சூடேற மறையும் ஒலி, புகைக்குழாய் எஞ்சினோடு பொருந்தும் இடத்தில் காஸ்கட் கசிவதால் எழலாம். உலோகம் சூட்டில் விரிந்து அந்த இடுக்கை அடைத்துவிடுவதால் ஒலி அடங்குகின்றது. பொருத்தில் கரும்புகைக் கறை படிந்திருப்பின் ஐயம் நீங்கும். தேய்ந்த பிஸ்டன் சிலிண்டரில் ஆடி எழுப்பும் ஒலியும் குளிர்ந்த வேளையில் மிகுந்து சூட்டில் குறைவதே.

இதற்கு மாறாக, எஞ்சின் நன்கு சூடான பின் சில வேளை தோன்றி, ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக அடங்கும் தட்டொலிக்கு, கரி படிந்து வழியில் சிக்கிக்கொள்ளும் வால்வுத் தண்டு காரணமாகலாம். அது மேலே வராமல் தயங்கி நிற்கும் வரையில் இடைவெளி பெருகித் தட்டும், விடுபட்டதும் அமைதி.

எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் திருப்பியிருக்கும் நிலையிலும் மைனரில் ‘டிக் டிக்’ கேட்கலாம். அது எஞ்சின் அன்று; மின்சாரத்தால் இயங்கும் பெற்றோல் பம்பு. காபரேட்டர் நிரம்பியதும் அது ஓயவேண்டும். ஓயாமல் தட்டுமாயின் தாங்கியில் பெற்றோல் தீர்ந்திருக்கலாம், குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம், அல்லது காபரேட்டர் வழிந்து கொண்டிருக்கலாம்.

சில்லின் வேகத்தோடு கூடிக் குறையும் ஒலியோ எஞ்சினுக்கே உரியதன்று. கியரை விடுவித்துக் காரைச் சிறிது தூரம் உருளவிட்டால் தெரிந்துவிடும். எஞ்சின் வேகம் தணிந்த பிறகும் ஒலி அவ்வாறே தொடருமாயின் சில்லைப் பார்க்கவேண்டும். டயரின் பள்ளத்தில் அகப்பட்ட ஒரு சிறு கல், தெருவில் படும்போதெல்லாம் தட்டி, எத்தனையோ பேரைக் கராஜுக்கு அனுப்பியிருக்கின்றது.

பொழுது சாய்ந்தது. முதியவர் எஞ்சினைக் கிளப்பச் செய்தார். வேகத்தைச் சற்றே கூட்டியதும் ஒலி வந்தது. அவர் அதன் கதியைக் கவனித்தார். இவ்வகை எஞ்சினிலே கிராங்குத் தண்டு இரண்டு முறை சுற்றும்போதுதான் ஒரு வால்வு ஒரு முறை திறக்கும். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு வால்வின் தட்டு 300 தடவையே கேட்கும். கீழேயுள்ள பெயரிங் தேய்ந்து எழும் ஒலியோ பெரும்பாலும் சுற்றுக்கு ஒரு தடவை வரும்; அது கனத்த ‘டொக் டொக்’. இங்கே கேட்டது மெல்லியது. இரண்டு சுற்றுக்கு ஒன்று என்ற கதியினது. அப்படியாயின் முதல் கராஜ்காரர் சொன்னதுபோல டப்பெட்தானா?

அதற்குள் முடிவு செய்யலாகாது. சிலிண்டருக்கு மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே சுற்றுகின்றது. ஒரு பிளக்குக்குச் செல்லும் மின்சாரமும் அதே கதியில்தான் செல்லும். ஆகவே வால்வின் தட்டையும் வழிதவறிய மின்பொறியின் தட்டையும் கதியினால் மட்டும் பிரித்தறிய இயலாது. இடத்தினாற் பிரிக்கவேண்டும்.

1816ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் லெனெக் என்பார் ஒரு தாளைச் சுருட்டி, அதன் ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்துக் கேட்டார்; அதிலிருந்தே மருத்துவரின் செவிக்கருவி பிறந்தது. மெக்கானிக்கின் செவிக்கருவி ஒரு நீண்ட ஸ்குரூ டிரைவர். அதன் நுனியை எஞ்சினின் ஒவ்வோர் இடத்திலும் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் அழுத்தினால், அவ்விடத்து ஒலி வேறொன்றோடும் கலவாமல் வந்து சேரும். ஆனால் எச்சரிக்கை வேண்டும். விசிறியும் வாரும் சுற்றிக்கொண்டிருக்கும். சாரத்தைத் தழையவிட்டுக்கொண்டோ சால்வையைத் தொங்கவிட்டுக்கொண்டோ குனியலாகாது. பிளக் கம்பிகளின் அருகே உலோகத்தைக் கொண்டுசெல்லவும் ஆகாது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுதல் உயிருக்கே ஆபத்து. அதன் புகையில் மணமற்ற நச்சு வாயு உண்டு.

முதியவர் வால்வு மூடியின்மேல் ஊன்றிக் கேட்டார். அங்கே தெளிவான தட்டு இல்லை. அடுத்து எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் கம்பியைக் கழற்றி, அதன் முனையை எஞ்சின் உலோகத்தோடு சேர்த்துக் கட்டி, மீண்டும் கிளப்பினார். இவ்வாறு ஒவ்வொன்றாகச் செய்து வந்தார். இச்சோதனை மிகவும் பயனுள்ளது. ஒரு சிலிண்டரின் வெடிப்பை நிறுத்தியதும் கனத்த ஒலி தணியுமாயின், அந்தச் சிலிண்டரின் பெயரிங்கிலோ பிஸ்டனிலோ குறையுண்டு. வெடிப்பை நிறுத்தியும் மெல்லிய தட்டு மாறாதிருக்குமாயின், அது வால்வைச் சேர்ந்தது. இங்கே மூன்றாவது கம்பியைக் கழற்றி உலோகத்தோடு சேர்த்ததும் ‘டிக் டிக்’ அடியோடு நின்றுவிட்டது.

கம்பியை மீண்டும் மாட்டி, விளக்குகளையெல்லாம் அணைக்கச் சொன்னார். நன்றாக இருண்ட பின்னர் எஞ்சினைக் கிளப்பி வேகத்தைக் கூட்டியபோது, சாரதி முன்னொருபோதும் காணாததொன்றைக் கண்டார். மூன்றாவது பிளக் கம்பியின் வெடித்த உறையிலிருந்து அருகிலிருந்த உலோகத்துக்கு ஒரு நீலப்பொறி பாய்ந்து கொண்டிருந்தது. பாயும்தோறும் ‘டிக்’ என்றது.

தீவின் காற்றே அதற்குக் காரணம். தாம்போதியின் இருபுறமும் கடல். சோளகம் வீசும் மாதங்களிலே உப்புத் திவலை காருக்குள்ளும் பொனட்டின் கீழும் சென்று படிகின்றது. உப்பு ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. பகல் வெயிலில் காய்ந்து கிடக்கும் அந்தப் படலம், பொழுது பட்டதும் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்துக்கு வழியாகிவிடுகின்றது. பிளக் கம்பியில் ஓடுவதோ பதினாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம். பழைய ரப்பர் உறையில் ஒரு வெடிப்பும், அதன்மேல் ஈர உப்பும் இருந்தால், பாரம் ஏறி எஞ்சின் உழைக்கும் வேளையில் மின்சாரம் பிளக்கை விட்டு எளிய வழியைத் தேடிக்கொள்ளும். அதனாலேதான் மாலையில் சத்தம், அதனாலேதான் திணறல், அதனாலேதான் உச்சிப்பொழுதில் நகரத்துக் கராஜிலே அமைதி. சாரதியின் வாக்குமூலத்திலே விடை முழுவதும் இருந்தது. கேட்பார்தாம் இல்லை.

புதிய கம்பிகள் நான்கு மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை உள்ளும் புறமும் துடைத்து உலர்த்தியதும் அந்தத் தட்டொலி ஒழிந்தது. செலவு சிறிது. ஆனால் முன்னே வீணாக இறுக்கிய வால்வுகளுக்கு நேர்ந்த செலவு பெரிது. எஞ்சின் தலையைக் கழற்றிப் பார்த்தபோது, புகை வால்வு ஒன்றின் விளிம்பு கருகத் தொடங்கியிருந்தது. அதனை அரைத்து இருக்கையில் மீண்டும் பொருந்தச் செய்தார் முதியவர். இன்னும் சில வாரங்கள் தாமதித்திருந்தால் வால்வையே மாற்ற நேர்ந்திருக்கும்.

பின்பு எட்டு வால்வுகளுக்கும் உரிய இடைவெளியை மீண்டும் வைத்தார். எந்த வால்வு முழுவதும் மூடியிருக்கிறது என்று எப்படி அறிவது? இத்தகைய நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்கு மெக்கானிக்குகள் ஓர் எளிய கணக்கு வைத்துள்ளனர். கூட்டுத்தொகை 9 ஆகவேண்டும். எட்டாவது வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது ஒன்றாவதன் இடைவெளியைப் பார். ஐந்தாவது திறந்திருக்கும்போது நான்காவதைப் பார். பள்ளிப் பிள்ளைக்கும் மறவாத கணக்கு.

அளக்கும் தகட்டைச் செருகி இடைவெளி சரியாக இருப்பதாகக் கண்ட பின்னும் ஒரு வால்வு தட்டுமாயின், ரொக்கரின் முனையைத் தடவிப் பார்க்கவேண்டும். ஆண்டுக்கணக்காக வால்வுத் தண்டு தட்டித் தட்டி அங்கே ஒரு சிறு குழி விழுந்திருக்கலாம். தட்டையான அளவுத் தகடு அக்குழியின் மேலாகப் பாலம்போலக் கிடக்கும். குழியின் ஆழம் கணக்கில் வராது. அளவு சரி, உண்மை பிழை. இத்தகைய ரொக்கரை மாற்றவோ, முனையைச் சரிப்படுத்தவோ வேண்டுமேயன்றி, மேலும் இறுக்கிச் சத்தத்தை அடக்க முயலலாகாது.

இவை அனைத்துக்கும் முன்பாகக் காருடையார் ஒவ்வொருவரும் தாமே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. சமதரையில் காரை நிறுத்தி, எஞ்சின் ஆறிய பின் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தல். எண்ணெய் குறைந்தாலும் நீர்த்தாலும் மேலேயுள்ள ரொக்கர்கள் வறண்டு தட்டத் தொடங்கும். ஊற்றாமலே எண்ணெயின் மட்டம் உயர்ந்திருந்தால், எரிபொருளின் மணம் வீசுகிறதா என்று முகர்ந்து பார்த்தல் வேண்டும். மண்ணெண்ணெய்க் காலத்தார் நாள்தோறும் செய்த சோதனை அது. நீர்த்த எண்ணெயை மாற்றாமல் வேறெதனைச் செய்தும் பயனில்லை.

எந்தச் சத்தத்துக்குக் காரை உடனே நிறுத்தவேண்டும் என்பதும் தெரிந்திருத்தல் நலம். மெல்லிய தட்டொலியோடு, எண்ணெய் குறைவின்றி, வலுவும் குன்றாமல் ஓடும் கார் வீடு சேரும். கனத்த ‘டொக் டொக்’ ஒலி பாரத்தில் மிகுந்து, எண்ணெய் அழுத்தம் குறைந்ததற்கு விளக்கு எரியுமாயின், அடுத்த சந்தி வரை போகலாம் என்று எண்ணுதல் பேதைமை. அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிடல் வேண்டும். பெருநகரிலே கார் நின்றால் வேறொன்று கிடைக்கும். இருள் சூழ்ந்த தாம்போதியிலே, கடைசிப் படகில் வந்த நோயாளியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு நிற்பவருக்கு அடுத்த கார் எப்போது வரும்?

நேயர்களே, ஒரு பழைய எஞ்சினின் தட்டொலியை அடக்குவது எளிது. ஒரு சாவியும் ஐந்து நிமிடமும் போதும். அது எதற்காகத் தட்டுகிறது என்று அறிவதற்கோ கேள்வியும் பொறுமையும் ஒரு மாலைப்பொழுதும் வேண்டும். அந்தச் சாரதி இப்போது தம் காருக்குள் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்திருக்கிறார். புதிய ஒலி ஏதேனும் கேட்டால், எந்த நேரம், குளிரிலா சூட்டிலா, ஏற்றத்திலா சமதரையிலா, என்ன காற்று என்று எழுதிக்கொள்கிறார். கராஜுக்குப் போகும்போது முதலில் அந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டுகிறார். துறையில் படகு வரும் ஓசையைக் கேட்டு எழுந்து நிற்கும் தீவு மக்களின் செவி, அவருடைய காரிலும் இப்போது விழித்திருக்கிறது.